சர்க்கரை வியாதியும் சத்து டப்பாவும்

நீரிழிவு என்றும், மதுமேகம் என்றும், இப்போது எல்லோராலும் 'சுகர்' என்றும் சொல்லப்படுகின்ற வியாதி பணக்காரர்களுடைய வியாதி என்று ஒரு காலத்தில் பேசப்பட்டு வந்தது. அந்தப் பேச்சு இன்று செல்லாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-ம் வருஷம் வெளியான கணக்குப்படி இந்நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் இவ்வியாதி இருக்கின்றது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 100-க்கு 14 பேருக்கு மேல் இருக்கின்றது. இராஜபாளையத்து மில் தொழிலாளியும், சத்திரப்பட்டியில் பிறர் காயத்திற்குக் கட்டும் துணியை நெய்கின்றவரும், சோழபுரத்தில் காடு கரையில் பாடுபடுகின்றவரும் இக்கணக்கிற்கு வெளியில் நிற்பவர்களல்ல.

இவ்வியாதி கண்ணைக் கெடுக்கும், காலைக் கெடுக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது இப்போது பலருக்குத் தெரியும். ஆனால் மனதையும் சோரச் செய்யும் என்பதைச் சொல்லுவார் வெகு சிலரே. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு மனச்சோர்வு நோய் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாக இருப்பதாகப் பல தேசத்து ஆராய்ச்சிகளும் காட்டுகின்றன. சென்னையில் 25,000 பேருக்கு மேல் விசாரித்து 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சியிலோ, பொதுஜனங்களிலேயே 100-க்கு 15 பேருக்கு மனச்சோர்வு இருந்தது என்றும், அதுவும் வருமானம் குறைந்தவர்களிடத்தில்தான் அதிகம் என்றும் கண்டார்கள்.

இதற்குக் காரணம் தேட ஆகாயத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சர்க்கரை ஏறினால் அசதி. இறங்கினால் நடுக்கமும் எரிச்சலும். தினமும் மாத்திரை, ஊசி, பத்தியம், செலவு, கால் போய்விடுமோ என்ற பயம். மனம் சோர்ந்தவன் நடக்கப் போவதில்லை, மாத்திரையைத் தவறவிடுகின்றான், அதனால் சர்க்கரை இன்னும் ஏறுகின்றது. அன்றியும், கவலையின் போது உடம்பில் சுரக்கும் சில சுரப்புக்களே சர்க்கரையை ஏற்றுகின்றன. ஆகவே ஒன்று மற்றொன்றைத் தூண்டிக்கொண்டே போகின்றது.

இவ்விதமுள்ள ஒருவரைப் பார்த்து நம் மக்கள் என்ன சொல்லுகின்றார்கள்? "கிரகம் சரியில்லை" என்கின்றார்கள், "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்கின்றார்கள், "சோம்பேறித்தனம்" என்கின்றார்கள். முந்திய இரண்டுக்கும் பணம் வாங்கிக்கொண்டு பரிகாரம் செய்ய ஆட்கள் எப்போதும் தயாராயிருந்தார்கள். இப்போது படித்தவர்களுக்கென்று ஒரு புதிய பரிகாரம் வந்திருக்கின்றது. அதுதான் சத்து டப்பா. வைட்டமின், மீன் எண்ணெய், குரோமியம், மெக்னீசியம், இன்ன மூலிகைப் பொடி என்று பல பெயரால் விற்கப்படும் இவை சர்க்கரையையும் குறைக்கும், மனதிற்கும் உற்சாகம் தரும் என்று சொல்லப்படுகின்றது. சொல்லுகின்றவர் அநேகமாக அதை விற்றுக் கமிஷன் பெறுகின்ற சொந்தக்காரராகவோ, பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பதால் மறுத்துக் கேட்கவும் கூச்சமாயிருக்கின்றது.

நாம் கேட்பதெல்லாம் ஒன்றே. அந்த டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கின்றது என்று வாங்குகின்றவர் எப்போதாவது பார்த்ததுண்டா? "மருந்தாக உபயோகிப்பதற்கல்ல" என்று அச்சிட வேண்டுமென்பது இந்திய உணவுப் பாதுகாப்பு அதிகார சபையின் 2016-ம் வருஷத்து விதி. டப்பா மருந்தல்ல என்று டப்பாவே சொல்லும்போது, மருந்து என்று சொல்லி விற்பவர் பேச்சை நம்புவது அறிவாகுமா? தவிரவும், நீரிழிவைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ம் வருஷத்து மாந்திரீக வைத்திய விளம்பரச் சட்டப்படி குற்றம். அப்படியிருந்தும் விளம்பரங்கள் நின்றபாடில்லை. 2024-ல் பதஞ்சலி கம்பெனியார் தங்கள் விளம்பரங்களைப் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் கண்டனத்திற்குப் பிறகு பத்திரிகைகளில் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

நிற்க, சத்து மாத்திரைகள் எல்லாமே மோசடி என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வதும் ஆராயாமல் பேசுவதேயாகும். பரீட்சை செய்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதே நமக்கு முக்கியம். அமெரிக்காவில் 50 வயதும் அதற்கு மேலும் உள்ள 18,000 பேருக்கு மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு வைட்டமின் டி மாத்திரையும், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து ஐந்து வருஷம் வரை பார்த்தார்கள். மனச்சோர்வு வருவதில் இரு கூட்டத்தாருக்கும் வித்தியாசமில்லை என்று 2020-ல் வெளியிட்டார்கள். மறு வருஷம் அதே ஆராய்ச்சியில் மீன் எண்ணெயும் மனச்சோர்வைத் தடுக்கவில்லை என்று வெளிவந்தது. ஐரோப்பாவில் நான்கு தேசங்களில் 1,025 பேருக்குப் பல சத்துக்கள் சேர்ந்த மாத்திரையை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்து, 2019-ல் அதே முடிவைத்தான் சொன்னார்கள். இவர்கள் எல்லோரும் சர்க்கரை வியாதிக்காரர்களல்லர் என்பது வாஸ்தவம். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கே இன்ன சத்தால் மனம் தெளிந்தது என்று சொல்லும் சில ஆராய்ச்சிகளும் உண்டு. ஆனால் அவைகளில் பெரும்பாலானவை சிலரை மாத்திரம் வைத்துச் சில வாரங்கள் நடத்தப்பட்டவை. அவைகளை நம்பிக் குடும்பச் செலவில் கை வைக்கலாகாது.

ஆனால், சோதித்து அறிந்து கொடுக்க வேண்டிய சத்து ஒன்று உண்டு. சர்க்கரைக்கு மிகவும் அதிகமாகக் கொடுக்கப்படும் மெட்பார்மின் என்கின்ற மாத்திரையைப் பல வருஷம் சாப்பிடுகின்றவர்களில் பலருக்குக் குடலிலிருந்து வைட்டமின் பி12 சரியாகச் சேருவதில்லை. அது குறைந்தால் கால் மரத்துப்போகும், எரியும், மறதியும் களைப்பும் வரும், மனமும் சோரும். காலெரிச்சலைச் சர்க்கரையால் வந்தது என்றும், மனச்சோர்வை விதியால் வந்தது என்றும் சொல்லிக்கொண்டு காலத்தைக் கழிப்பவர்களில் சிலருக்கு உண்மையில் இருப்பது இக்குறைதான். இறைச்சி, மீன், முட்டை, பால் இவைகளில்தான் இச்சத்து இயல்பாக இருக்கின்றது. ஆதலால் புலால் ஆகாது என்று ஒதுக்கி, பாலும் அதிகம் சேர்க்காதவர்களுக்கு இக்குறை இன்னும் சுலபமாக வரும். உணவில் உயர்வு தாழ்வு கற்பிப்பவர்கள் உடம்பிற்கும் அதைக் கற்பிக்க முடியாதல்லவா? ஓர் இரத்தப் பரீட்சையில் இக்குறை தெரிந்துவிடும். தெரிந்தால் மாத்திரையாலோ ஊசியாலோ தீர்க்கலாம். இதற்காக மெட்பார்மினை ஒருவரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

இது இவ்விதமிருக்க, சர்க்கரை வியாதியோடு மனச்சோர்வும் உள்ளவர்களுக்கு எது பலன் தந்தது என்பதற்கு நம் நாட்டிலேயே அத்தாட்சி இருக்கின்றது. சென்னை, பெங்களூர், விசாகப்பட்டினம், டெல்லி ஆகிய நான்கு ஊர் ஆஸ்பத்திரிகளில் இப்படிப்பட்ட 404 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்து இரண்டு வருஷம் கவனித்தார்கள். ஒரு கூட்டத்தாருக்கு வழக்கமான வைத்தியம். மற்றொரு கூட்டத்தாருக்கு அதோடு, அடிக்கடி விசாரித்து, மாத்திரை சாப்பிட்டாயா, தூங்கினாயா, மனம் எப்படியிருக்கின்றது என்று கேட்டு டாக்டருக்குத் தெரிவிக்கின்ற ஓர் ஊழியர். 2020-ல் வெளியான முடிவின்படி, மனச்சோர்வு பாதியாவது குறைந்து, சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு இவைகளில் ஒன்றாவது சீர்ப்பட்டவர்கள் முதல் கூட்டத்தில் 100-க்கு 57 பேர், இரண்டாவது கூட்டத்தில் ஏறக்குறைய 72 பேர். இந்த வித்தியாசத்தை உண்டாக்கியது டப்பாவல்ல. கேட்ட மனிதரும் கவனித்த டாக்டருமேயாவர்.

2021-ல் சர்க்கார் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தினால் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகப்பட்டது. மாத்திரை கொடுக்கின்றவர் கூடவே இரண்டு கேள்வி கேட்டால் என்ன நஷ்டம்? இரண்டு வாரமாக எதிலும் விருப்பமில்லாமலிருக்கின்றதா? மனம் வாடியிருக்கின்றதா? உலகமெங்கும் டாக்டர்கள் முதலில் கேட்கின்ற கேள்விகள் இவ்விரண்டுமே. ஆம் என்பாரை டாக்டரிடம் அனுப்பவும், மெட்பார்மின் நெடுநாள் சாப்பிடுகின்றவருக்கு பி12 பரீட்சை செய்யவும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஏற்பாடு வேண்டும். சோழபுரத்துக்காரர் இதற்காக மதுரைக்குப் போக வேண்டியிருக்கலாகாது என்பது நமது அபிப்பிராயம்.

நோயாளித் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மனம் சோர்வது உங்கள் குற்றமுமல்ல, விதியுமல்ல. வைத்தியமுள்ள ஒரு நோய். டாக்டரிடம் காலைக் காட்டுவதுபோல் மனதையும் சொல்லுங்கள். வெளியில் சொல்ல வெட்கமானால் 14416 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பதில் சொல்லுவார்கள். எந்தப் பொடி சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஏனெனில் சர்க்கரை மாத்திரையோடு பாகற்காய்ச் சாறு போன்றவை சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் கூடும். டப்பாவை நம்பி மாத்திரையை நிறுத்துகின்றவர் பணத்தை மாத்திரமல்லாமல் காலையும் கண்ணையும் உயிரையுமே பந்தயம் வைக்கின்றார் என்பதை ஒவ்வொருவரும் யோசித்துப் பார்க்க வேண்டுகின்றோம்.