சலூனுக்கு வரட்டும் சிகிச்சை

லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் கறுப்பின ஆண்கள் வழக்கமாக முடிவெட்டிக்கொள்ளும் 52 சலூன்களில் டாக்டர் ரொனால்ட் விக்டர் குழுவினர் நடத்திய ஆய்வு 2018-ல் வெளியானது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராத 319 பேர் அதில் பங்கேற்றனர். ஏறக்குறைய பாதிக் கடைகளுக்கு மருந்தாளுநரே நேரில் வந்தார். அழுத்தத்தை அளந்து, மருத்துவருடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். மற்ற கடைகளில் முடிதிருத்துபவர், பழக்கங்களை மாற்றும்படியும் டாக்டரைப் பார்க்கும்படியும் சொன்னதோடு சரி. ஆறு மாதத்தில், மருந்தாளுநர் வந்த கடைகளில் அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 27 புள்ளிகள் இறங்கியது, மற்றவற்றில் ஒன்பதுதான். 130/80-க்குக் கீழே வந்தவர்கள் முன்னதில் நூற்றுக்கு 64 பேர், பின்னதில் 12 பேர்.

கறுப்பினத்தவரின் உடல்நலம் பற்றிப் பேச்செடுத்தாலே 'விழிப்புணர்வு போதவில்லை' என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த ஆய்வுக்குப் பிறகும் அப்படிச் சொல்வது அநியாயம். அறிவுரை இரு தரப்புக்கும் கிடைத்தது. நம்பி உட்காரும் இடத்திலேயே சிகிச்சை ஒரு தரப்புக்குத்தான் கிடைத்தது.

மருத்துவமனை மீது அவர்களுக்குள்ள தயக்கத்தை அறியாமை என்று சொல்லவும் முடியாது. அலபாமாவின் டஸ்கிகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் கண்ட 399 கறுப்பின ஆண்களை அரசின் பொதுச் சுகாதாரத் துறையே குணப்படுத்தாமல் விட்டு, நோய் முற்றுவதைப் பதிவு செய்தது. சிகிச்சை தருவதாகச் சொல்லியே அவர்களை வரவழைத்தார்கள். பெனிசிலின் புழக்கத்துக்கு வந்த பின்னும் கொடுக்கவில்லை. 1997-ல்தான் அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். பழங்கதை என்று இதை ஒதுக்கவும் வழியில்லை. சிறுநீரகச் செயல்பாட்டைக் கணக்கிடும் சூத்திரம் கறுப்பினத்தவருக்கு மட்டும் ஒரு பெருக்கெண்ணைச் சேர்த்து, பழுதுபட்ட சிறுநீரகத்தையும் ஓரளவு நலமாகவே காட்டிவந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் பலர் தாமதமாகச் சேர்ந்ததற்கு அதுவும் காரணம். அதைக் கைவிடும் பரிந்துரை வந்தது 2021-ல்.

மருத்துவம் எல்லோருக்கும் ஒன்றுதானே, ஓர் இனத்துக்குத் தனி ஏற்பாடு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அந்தச் சலூன்களில் தந்தவையும் எல்லோருக்கும் எழுதும் மாத்திரைகளே. அவற்றைத் தரும் ஆளும் இடமும்தான் மாறின.

ஆனாலும், மானியம் தீர்ந்தால் இத்தகைய திட்டங்களும் தீர்ந்துவிடும். முதியோருக்கான மெடிகேர் காப்பீடு மருந்தாளுநரைச் சிகிச்சையளிப்பவராக ஏற்பதில்லை. அவருடைய ஆலோசனைக்கு நேரடிக் கட்டணமும் இல்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வயது பாராமல் டயாலிசிஸ் செலவை ஏற்பதும் இதே மெடிகேர்தான். அந்தச் செயலிழப்புக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று கட்டுப்படாத ரத்த அழுத்தம். வருமுன் தடுப்பவருக்கு மறுத்த பணத்தை, வந்தபின் பல மடங்காகக் கொட்டுகிறார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் மெடிகேர் சட்டத்தைத் திருத்தி, சலூனில் அமர்ந்து மருத்துவம் பார்க்கும் மருந்தாளுநருக்கும், அவருக்கு இடமும் நேரமும் தரும் முடிதிருத்துபவருக்கும் ஊதியம் வழங்க வேண்டும்.