முகம் பார்க்க கண்ணாடி வாங்குங்க, காரைத் தேய்க்காதீங்க!

பழைய அம்பாசடருக்கோ பத்மினிக்கோ புதுசா பெயிண்ட் அடிக்கிறவங்க பட்டறையில் சொல்ற வசனம் ஒண்ணே ஒண்ணுதான்: "முகம் தெரியணும்ப்பா!"

அதுக்கப்புறம் நடப்பது நாம பார்த்ததுதான். முந்தாநாள் அடிச்ச பெயிண்டை இன்னைக்கு வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ப்பாங்க. சாயங்காலம் ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ் மெஷின். மறுநாள் வண்டி வாசலில் பளபளன்னு நிக்கும். தெருவே வேடிக்கை பார்க்கும். ரெண்டு கோடை தாண்டறதுக்குள்ள பானெட் வெளுத்து, ஓரத்தில் உரிய ஆரம்பிக்கும். உடனே திட்டு யாருக்கு? பெயிண்டருக்கு! நான் சொல்றேன், குற்றவாளி பெயிண்டர் இல்லை. "முகம் தெரியணும்"னு கேட்ட நாமதான்.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். இப்போ அடிக்கிற டூகே பெயிண்டில் கலருக்கு மேலே இருக்கிற கிளியர் கோட் தோராயமா 40 முதல் 60 மைக்ரான். நம்ம தலைமுடியே 70 மைக்ரான் இருக்கும். அதாவது ஒரு முடியை விட மெல்லிசான படலம்தான் வெயிலுக்கும் கலருக்கும் நடுவில் நிக்குது. புற ஊதாக் கதிரை உறிஞ்சும் மருந்து அதுலதான் இருக்கு. 1500, 2000 நம்பர் பேப்பர் போட்டு, ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கிற மேடு பள்ளத்தை எல்லாம் சமமாக்கினால் அதில் நல்ல பங்கு தண்ணியோட சாக்கடைக்குப் போயிடும். மட்கார்டு விளிம்பிலும் பானெட் மடிப்பிலும் பெயிண்ட் ஏற்கெனவே மெல்லிசாத்தான் நிக்கும். அங்கே நாலு தேய் அதிகமா தேய்ச்சா கலரே கையோட வந்துடும்.

"எங்க காலத்தில் தேய்க்காமலா வந்தது பளபளப்பு?"ன்னு பெரியவங்க கேட்பாங்க. நியாயமான கேள்வி. அவங்க காலத்துப் பெயிண்ட் நைட்ரோசெல்லுலோஸ். 1920-களில் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனி 'டூகோ'ன்னு கொண்டு வந்தது. அதுக்கு முன்னாடி வாரக்கணக்கில் காய வச்சுக்கிட்டிருந்த கார்கள் அதுக்கப்புறம் மணிக்கணக்கில் காய்ஞ்சன. ஆனா அந்தப் பெயிண்ட் அடிச்சதும் மங்கலாத்தான் இருக்கும். தேய்ச்சால்தான் பளபளப்பு வரும். அதனால பல கோட் கனமா அடிச்சு, பிறகு தேய்ச்சாங்க. பெயிண்ட் மாறிப்போச்சு, நம்ம பழக்கம் மட்டும் மாறலை. டூகே கிளியர் துப்பாக்கியில் இருந்து வரும்போதே பளபளப்பாத்தான் வருது!

அடுத்தது அவசரம். கைக்குக் காய்வது வேறு, உள்ளே இறுகுவது வேறு. பூத்தில் வச்சு 60 டிகிரியில் அரைமணி நேரம் சூடு காட்டினா அது தனிக்கதை. நம்ம பக்கத்து சின்னப் பட்டறைகளில் பூத்துக்கு எங்கே போறது? மரத்தடிதான். உள்ளே தின்னர் இன்னும் மிச்சம் இருக்கும்போதே தேய்ச்சுட்டா, அது பிறகு மெதுவா வெளியேறும். படலம் சுருங்கும். பாலிஷில் மறைஞ்ச கீறல் எல்லாம் மறுபடி எட்டிப் பார்க்கும். உடனே இன்னொரு தரம் தேய்ப்போம். எதைத் தேய்ப்பது? அதான் ஒண்ணும் மிச்சம் இல்லையே :-(

வாணியம்பாடிக்காரனுக்கு இதை நான் சொல்லித் தரணுமா? தழும்பும் உண்ணிக்கடியும் உள்ள தோலைத்தான் மேல்பக்கம் பஃபிங் அடிச்சு, கலர் பூசி, மேலே பொய்யா ஒரு ரேகை அச்சு குத்தி விடுவோம். கரெக்டட் கிரெய்ன். விலை கம்மி. மேல்தோலைத் தொடாம, ரோமத்துளை தெரிய விடுற ஃபுல் கிரெய்னுக்குத்தான் விலை அதிகம். தோலில் இந்த வித்தியாசத்தை விரலால் தடவியே சொல்ற ஊர், கார்னு வந்தா மட்டும் தேய்ச்சதுதான் உசத்திங்குது!

இதெல்லாம் கூட உங்க காசு, உங்க கார்னு விட்டுடலாம். ஆனா தேய்க்கிற பையன்? டூகே ஹார்டனரில் ஐசோசயனேட்டுன்னு ஒண்ணு இருக்கு. பெயிண்டர்களுக்குத் தொழில்வழி ஆஸ்துமா வர முக்கியக் காரணங்களில் அது ஒண்ணு. ஒரு தரம் உடம்பு அதுக்குப் பழகாம எதிர்க்க ஆரம்பிச்சுட்டா, அப்புறம் கொஞ்சூண்டு பட்டாலே மூச்சு முட்டும். சரியா இறுகாத பெயிண்டைத் தேய்க்கும்போது பறக்கிற தூசியிலும் அது மிச்சம் இருக்கலாம். "நாளைக்கு முகூர்த்தம், வண்டி வேணும்"னு நாம நெருக்கினா, தண்ணி ஊத்தித் தேய்க்க நேரம் இல்லைன்னு காய்ஞ்ச பேப்பரில் மெஷின் ஓடும். பையன் மூக்கில் ஒரு கர்ச்சீப்பு. அந்தக் கர்ச்சீப்பு எதையும் தடுக்காது.

தேய்க்கவே கூடாதுன்னு சொல்லலை. பெயிண்ட் வழிஞ்ச இடம், தூசி ஒட்டின இடம் இருந்தா அங்கே மட்டும் தேய்க்கலாம். ஷோவுக்குப் போற வண்டி, கண்ணாடி மாதிரிதான் வேணும்னா, தேய்க்கிறதுக்குன்னே கூடுதலா கிளியர் அடிக்கச் சொல்லி முதல்லயே காசு கொடுங்க. உண்மையில் சமதளம் பிறப்பது கிளியரில் இல்லை, பட்டியிலும் பிரைமரிலும். அங்கே கட்டை வச்சுப் பொறுமையா தேய்ச்சிருந்தா மேலே இவ்வளவு பாடு வேண்டாம். எத்தனை நாள் காயணும்னு பெயிண்ட் கம்பெனி தாளிலேயே போட்டிருக்கும், அதைக் கேளுங்க. பையனுக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்க, பாலிஷ் டப்பாவை விட ஒண்ணும் பெரிய செலவில்லை.

2014-ல் அம்பாசடர் உற்பத்தியே நின்னு போச்சு. இனி புதுசா ஒண்ணு வரப்போறதில்லை. இருக்கிறதில் கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் தெரிஞ்சா தெரியட்டுமே. உங்க முகம் பார்க்க பாத்ரூமில் கண்ணாடி இருக்கு.