வண்டி நின்னா முதல்ல கேள்வி, அப்புறம்தான் ஸ்பேனர்

இந்த முறை பயிர் விஷயம் இல்லை. கீரைக்கட்டு ஏற்றிப்போகும் என் 2005 மாடல் பெட்ரோல் வேன் பற்றி.

போன மாசம் விடிகாலை படப்பையில் இருந்து தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மண்ணிவாக்கம் தாண்டி வேகம் எடுத்தால் வண்டி குலுங்குது, இழுவை இல்லை. அப்புறம் நின்னே போச்சு. பின்னாடி டிப்பர் லாரி. எப்படியோ ஓரம் கட்டினேன். பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் பண்ணினால், ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது!

ஒரு மெக்கானிக் பிளக் மாத்தினார். மறுபடி நின்றது. காயில் மாத்தினார். மறுபடி நின்றது. கடைசியில் "இன்ஜின் பிரிக்கணும்" என்றார். அதற்குள் நாலாயிரம் ரூபாய் போயிருந்தது. இரண்டு வார கீரைக் காசு.

முடிச்சூர் பக்கம் இன்னொரு தம்பியிடம் போனேன். அவர் பானெட்டைத் தொடவே இல்லை. "அண்ணே, எப்ப நிக்குது? பட்டுன்னு ஆஃப் ஆகுதா, இழுவை குறைஞ்சு நிக்குதா?" என்று கேட்டார். பட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் பக்கம்: காயில், சென்சார், லூஸ் ஒயர். திணறித் திணறி நின்றால் பெட்ரோல் பக்கம் பார்க்கணும். என்னுடையது இரண்டாவது ரகம்.

பிரஷர் கேஜ் மாட்டினார். சும்மா ஓடும்போது சரியாக இருந்த முள், ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் இறங்கியது. பில்டரைக் கழற்றிக் கவிழ்த்தால் துருத் தண்ணி. டேங்க் அடியில் வண்டல். ஓடும்போது பம்ப் அந்தக் கசடை இழுத்து வலையை அடைக்கும். நின்றதும் கசடு கீழே இறங்கிடும். அதனால்தான் பத்து நிமிஷத்தில் வண்டி உயிர் பெற்றது. கிணற்று மோட்டாரின் புட்வால்வில் பாசி அடைக்கிற அதே கதை. முப்பது வருஷமா மோட்டார் ஓட்டுற எனக்கு இது தோணலையே!

குறை என் மேலும் உண்டு. நூறு ரூபாய்க்கு, இருநூறு ரூபாய்க்குன்னு போட்டு எப்பவும் டேங்கைக் காலியாவே வைத்திருந்தேன். காலி டேங்கில் ஈரம் கோத்து துருப் பிடிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுக்கும், பழைய கசடையும் கரைத்துக் கிளப்பும். "எல்லாம் எத்தனாலால்தான்" என்று பழி போடுவது சுலபம். ஆனால் வண்டலைச் சேர்த்து வைத்தது நான்.

நெல் மஞ்சளித்தால் உடனே யூரியா கொட்டுறவங்க உண்டு. அடி இலை முதலில் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறை, குருத்து இலை வெளுத்தால் இரும்புச்சத்தாக இருக்கலாம். பார்க்காமல் கொட்டினால் காசும் போச்சு, பயிரும் போச்சு. வண்டியும் அப்படித்தான்.

பழைய கார் வைத்திருக்கும் நகரத்து நண்பர்களே, எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் ஓடியபின், எப்படி நிற்குது என்று ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு போங்க. கேட்காமலே பாகம் மாத்துறவரிடம் சாவியைக் கொடுக்காதீங்க. ஓட்டும்போது நின்றால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கனக்கும். பதறாமல் நாலு இண்டிகேட்டரையும் போட்டு இடது ஓரம் வாங்க.

என் வண்டிக்கு டேங்க் கழுவி, பில்டர் மாத்தி ஆன செலவு, மாத்தின காயில் விலையில் பாதிகூட இல்லை.