இருட்டுக்கும் கொஞ்சம் காசு ஒதுக்குங்கோ

புரொஜெக்ரர் வாங்கப்போறம் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்கிறது, "எத்தனை இஞ்ச் வரும்?" என்றுதான். நாங்களும் அந்தக் கேள்வியோடுதான் தொடங்கினம். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி, நாலாம் மாடி, ஐந்து பெடியள் சேர்ந்து வாடகைக்கு இருக்கிற வீடு. ஹோல் 10 அடி அகலம், 13 அடி நீளம். ஒரு வருசம் அதுக்குள்ள படம் போட்டுப் பார்த்த பிறகு எங்கட கருத்து மாறிவிட்டது. சின்ன வீட்டில் தியேட்டர் வைக்கிற ஆக்கள் கேட்கவேண்டியது எத்தனை இஞ்ச் என்பதில்லை, எத்தனை மணிக்குப் படம் போடலாம் என்பதைத்தான்.

முதலில் நாங்கள் விட்ட பிழையைச் சொல்லிவிடுறம். காசு சேர்த்து ஒன்லைனில் ஒரு சின்ன மெஷின் வாங்கினம். பெட்டியில் "9000 லூமென்ஸ்", "4கே" என்று கொட்டை எழுத்தில் கிடந்தது. இரவில் எல்லா லைற்றையும் நிப்பாட்டினால் படம் தெரிந்தது. குசினி லைற்றைப் போட்டாலே மங்கிப்போனது. பிறகுதான் தேடி வாசித்தம். வெறும் லூமென்ஸ் என்று போடுகிற எண்ணை நம்பிப் பிரயோசனம் இல்லை. அன்சி லூமென்ஸ் அல்லது ஐஎஸ்ஓ லூமென்ஸ் என்று முறையாக அளந்து சொல்லுற எண்ணைத்தான் பார்க்கவேணும். "4கே சப்போர்ட்" என்றால் 4கே வீடியோவை அந்த மெஷின் வாங்கிக்கொள்ளும் என்பது மட்டும்தான் பொருள். எங்கட சுவரில் விழுந்தது 1280×720. ஆகவே கடைக்காரரிடம் "நேட்டிவ் ரெசலூஷன் என்ன?" என்று கேளுங்கோ. 1920×1080 என்று பதில் வந்தால் மிச்சத்தைக் கதைக்கலாம்.

அதை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, பாவித்த நல்ல மெஷின் ஒன்று எடுத்தம். பாவித்தது எடுத்தால் மெனுவுக்குள் போய் விளக்கு எத்தனை மணித்தியாலம் எரிந்திருக்கு என்று பாருங்கோ. விளக்கு மாத்துற செலவு சின்னச் செலவில்லை.

அடுத்தது அளவு. எங்கட மெஷினின் த்ரோ ரேஷியோ 1.5. அதாவது 12 அடி தூரத்தில் வைத்தால் படம் 8 அடி அகலம். 9 அடியில் வைத்தால் 6 அடி. ஆசைக்கு 8 அடிதான் முதலில் போட்டம். ஆனால் 6 அடிப் படத்தோடு பார்க்க, அதே வெளிச்சம் கிட்டத்தட்ட 1.8 மடங்கு பரப்பில் பரவவேணும். படம் பெருக்கப் பெருக்க வெளிறும். இப்ப 6 அடியில் நிற்கிறம். மூலைக்கு மூலை 82 இஞ்ச் வரும். பத்தடி ஹோலுக்கு அது தாராளம். மெஷினைச் சரித்து வைத்துவிட்டுக் கீஸ்ரோனால் நேராக்கினால் படத்தின் கூர்மை குறையும். சரியான உயரத்தில் ஒரு தட்டு அடித்து நேராக வையுங்கோ. சுழலுற மின்விசிறி குறுக்கே வருதா என்றும் பாருங்கோ, இல்லாட்டி கதாநாயகனின் முகத்தில் விசிறி இலை ஓடும்.

இதெல்லாம் மெஷின் கதை. உண்மையான கதை இருட்டு. புரொஜெக்ரரால் கறுப்பை எறியமுடியாது. அது வெளிச்சத்தை மட்டும்தான் எறியும். படத்தில் ஒரு இரவுக் காட்சி வந்தால், அந்த இடத்தில் நாங்கள் பார்க்கிறது எங்கட சுவரைத்தான். அறைக்குள் வெளிச்சம் இருந்தால் அந்த இரவு சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். எவ்வளவு விலையான மெஷினுக்கும் இது பொருந்தும்.

எங்கட வீட்டு யன்னல்கள் கடல் பக்கம். பின்னேர வெயில் நேரே உள்ளே வரும். அதனால் இரவு எட்டு மணிக்குத்தான் படம் போட்டம். வட்ஸ்அப் குழுவில் "எல்லாரும் வாங்கோ" என்று போடுவம். வருவது எப்பவும் பெடியள்தான். நாலைந்து மாதம் இப்படியே போக, "எங்கட பட்ச் பெட்டையளுக்குப் படங்களில் அக்கறை இல்லை" என்று நாங்களே முடிவும் எடுத்தம். ஒருநாள் கன்ரீனில் இதைச் சொல்ல, ஒரு தோழி கேட்டாள்: "ஹொஸ்ரலுக்குள்ள நேரத்துக்குப் போகவேணும். அறை எடுத்து இருக்கிறவளுக்கும் இரவு பஸ்ஸில தனியப் போகவேணும். எட்டு மணிக்கு வாங்கோ எண்டால், வராதேங்கோ எண்டுதானே அர்த்தம்?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. யாரையும் வேணாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் நேரம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த மாதம் புது ஸ்பீக்கருக்கென்று வைத்திருந்த காசில் திரைச்சீலை தைத்தம். தடித்த துணி, பின்னால் கறுத்த உள்துணி. யன்னலை விட ஒவ்வொரு பக்கமும் அரை அடி கூடுதலாக, நிலம் வரைக்கும். மேலே கம்பிக்கும் சுவருக்கும் இடையில் வெளிச்சம் கசியும். அதுக்கு ஒரு மட்டைப்பெட்டியை வெட்டி மூடினம். யன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் விழுந்த படத்தைப் பக்கச் சுவருக்கு மாத்தலாமா என்று பார்த்தம். பத்தடிதான் இருக்கு, தூரம் காணாது. ஆகவே சீலைதான் ஒரே வழி. இப்ப சனிக்கிழமை மூன்று மணிக்குப் படம். ஆறு மணிக்கு முதல் எல்லாரும் காலி வீதியில் பஸ் ஏறிவிடலாம். வீட்டுக்கார அன்ரிக்கும் யார் வருகினம், எத்தனை மணிக்குப் போகினம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவம்.

குறைகள் இல்லை என்றில்லை. கொழும்பு வெக்கையில் மூன்று மணிக்கு யன்னலை மூடினால் அவிஞ்சு போகும். மெஷினும் தன் பங்குக்குச் சூட்டை ஊதும். இடைவேளை விட்டுக் கதவைத் திறக்கிறம். சத்தத்துக்கு இரண்டு பழைய ஸ்பீக்கர், திரைக்குக் கீழே, வயரில். புளூரூத்தில் போட்டால் வாய் அசைந்த பிறகுதான் வசனம் வருது. அடிச்சத்தத்தைக் குறைத்து வைக்கிறம். கீழ்வீட்டுக்கு முதலில் போறது அதுதான்.

ஒரு சனிக்கிழமை தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி' போட்டம். 1977இல் வந்த எங்கட நாட்டுத் தமிழ்ப் படம்; யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் பேசுறது. எங்களில் இரண்டு பேர் அதை முன்னமே போனில், ஓட்டி ஓட்டிப் பார்த்திருந்தினம். அன்றைக்கு ஓட்ட முடியவில்லை, பன்னிரண்டு பேர் பாயில் இருக்கினம். படம் முடிய ஒருத்தி எங்களைப் பார்த்துக் கேட்டாள், "உங்கட வீட்டில சீதனம் கேட்டால் நீங்கள் என்ன செய்வியள்?" ஒருத்தன் பகிடி விட்டான், யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி தேத்தண்ணி குடிச்சு முடியும் வரைக்கும் இழுபட்டது. எட்டு மணிக் காட்சியில் அந்தக் கேள்வி வந்திருக்காது. கேட்க வேண்டிய ஆள் அங்க இருந்திருக்க மாட்டாள்.

எங்கட அம்மாமார் ஒரு கதை சொல்லுவினம். 90களில் யாழ்ப்பாணத்தில் கறன்ற் இல்லாத காலம், ஜெனரேற்றரும் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரிச்சு விடியவிடியப் படம் பார்த்த கதை. திரை எத்தனை இஞ்ச் என்று ஒருத்தரும் சொல்லுறதில்லை. யார் யார் வந்து இருந்தினம் என்றுதான் சொல்லுவினம்.

ஆகவே புரொஜெக்ரர் வாங்க யோசிக்கிற தோழர்களுக்கு எங்கட புத்திமதி: காசை மூன்றாகப் பிரிக்கிறபோது சீலைக்கும் ஒரு பங்கு வையுங்கோ. மெஷினைப் பிறகு மாத்தலாம், ஸ்பீக்கரைக் கடன் வாங்கலாம். பகலில் இருட்டாக்கத் தெரியாத வீட்டில், இரவில் வெளிக்கிடக்கூடியவர்கள் மட்டும்தான் படம் பார்ப்பினம்.