ஜப்பானுக்குப் பணம் கட்ட முதல் ஒரு கணக்கு

 

கொஞ்சம் நீளமான பதிவுதான். வீட்டில் ஏ.எல். முடித்த பிள்ளை இருந்தால் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் படித்த பையன் ஒருவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வலப்பனைப் பக்கம் ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவன். ஏ.எல்.லில் மூன்று பாடமும் சித்தி. பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. தேத்தண்ணி குடித்து முடியும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினான்.

ஜப்பானில் பரிமாற்ற மாணவியாக இருக்கும் பிள்ளை ஒன்று தன் நாட்களைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறது. நிமிடம் தவறாமல் வரும் ரயில், பல்கலைக்கழக உணவகம், தெருமுனைக் கடையில் வாங்கும் சோற்று உருண்டை, சனிக்கிழமை நாரா பூங்காவில் மானுக்கு பிஸ்கட் கொடுப்பது, ரயில் ஜன்னலில் ஃபுஜி மலை. பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது.

"சேர், எனக்கும் இதே ஸ்டூடன்ட் விசாதான் எடுத்துத் தர்றாங்களாம். 18 லட்சம் கேக்குறாங்க. அப்பாவோட ஈ.பி.எஃப். காசு வந்திருக்கு. மிச்சத்துக்கு அம்மா நகையை வைக்கலாம்னு சொல்றாங்க. அப்பாதான் யோசிக்கிறாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'ஒரு கிழமை டைம் கொடுங்கள்' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இந்த ஒரு கிழமையில் தேடி வாசித்ததையும், அங்கே இருக்கும் பழைய மாணவர்களிடம் கேட்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். அவன் மட்டும் இல்லை, நமது ஊரில் இன்னும் பத்துப் பிள்ளைகள் இதே யோசனையில் இருக்கிறார்கள்.

முதல் விசயம். அந்த வீடியோவில் இருப்பது பொய் இல்லை. ஆனால் அது வேறு மாணவர்.

பரிமாற்ற மாணவர் என்பவர் ஏற்கனவே தன் நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பவர். இரண்டு பல்கலைக்கழகங்கள் செய்துகொண்ட உடன்படிக்கையின் கீழ் ஆறு மாதமோ ஒரு வருடமோ போகிறார். பொதுவாக அங்கே அவருக்குக் கல்விக் கட்டணம் இல்லை. சிலருக்கு ஜப்பான் மாணவர் சேவை நிறுவனம் மாதம் 80,000 யென் உதவித்தொகையும் கொடுக்கிறது. அவர் சனிக்கிழமை நாராவுக்குப் போக முடிவது அதனால்தான்.

நம் பையனுக்கு ஏஜென்சி எடுத்துக் கொடுப்பது சொந்தச் செலவில் மொழிப் பாடசாலைக்குப் போகும் விசா. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். வாழ்க்கை ஒன்றில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். கரும்பலகையில் எழுதுவது போலவே எழுதுகிறேன்.

மாணவர் விசாவில் இருப்பவர், அதற்கென்று அனுமதி எடுத்த பிறகு, கிழமைக்கு 28 மணித்தியாலம் மட்டும்தான் வேலை செய்யலாம். இரண்டு இடத்தில் வேலை செய்தாலும் மொத்தம் 28 தான். நீண்ட விடுமுறையில் மட்டும் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம். சம்பளம் மணிக்கு 1,100 யென் என்று வைப்போம். 28 தர 1,100 என்றால் 30,800. நான்கு கிழமைக்கு 123,200 யென்.

இப்போது செலவு. மொழிப் பாடசாலைக் கட்டணம் வருடத்துக்கு ஏறத்தாழ 7 முதல் 9 இலட்சம் யென். 780,000 என்று எடுத்தாலும் மாதத்துக்கு 65,000. இன்னொருவரோடு பங்கு போடும் அறைக்கு 35,000. சாப்பாடு 30,000. சுகாதாரக் காப்புறுதி, மின்சாரம், போன், ரயில் எல்லாம் சேர்த்து 15,000. கூட்டிப் பாருங்கள். 145,000.

வரவு 123,200. செலவு 145,000. வீட்டுக்கு ஒரு சதமும் அனுப்பாமலே மாதம் 21,800 யென் பள்ளம். அடகு நகைக்கு வட்டி இதற்குள் வரவில்லை.

"முதல் வருடக் கட்டணத்தை இங்கேயே கட்டிவிடுவோம்தானே" என்று கேட்பீர்கள். சரி. ஆனால் இரண்டாம் வருடக் கட்டணத்தை அந்த முதல் வருடத்திலேயே சேர்க்க வேண்டும். போன உடனே வேலையும் கிடைக்காது. மொழி தெரியாதவனை யார் கடையில் நிறுத்துவார்கள்? விடுமுறை வேலையால் பள்ளத்தில் கொஞ்சம் நிரப்பலாம். முழுவதும் நிரம்பாது.

அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் பிள்ளைகள் 28 மணித்தியாலத்தைத் தாண்டுகிறார்கள். இரவில் சாப்பாட்டுப் பெட்டி நிரப்பும் தொழிற்சாலை, பார்சல் பிரிக்கும் வேலை. காலையில் வகுப்பில் தூக்கம். வரவு குறைகிறது. விசா நீடிக்கப் போகும்போது பாடசாலை வரவையும் வேலை நேரத்தையும் பார்க்கிறார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பழைய மாணவன் ஒருவனிடம் போனில் கேட்டேன், "ஃபுஜி மலைக்குப் போனியாடா?" என்று. சிரித்துவிட்டுச் சொன்னான்: "ரெண்டு வருசத்துல ஒரு தடவை போனேன் சேர். அந்தப் போட்டோவைத்தான் இன்னும் போட்டுக்கிட்டு இருக்கேன்."

இன்னொரு பெயரையும் இந்த இடத்தில் நினைவுபடுத்த வேண்டும். விஷ்மா சந்தமாலி. நம் நாட்டுப் பெண். 2017 ஜூனில் மாணவர் விசாவில்தான் ஜப்பான் போனார். அங்கே ஆங்கில ஆசிரியையாக வேண்டும் என்பது அவரது ஆசை. படிப்பு இடையில் நின்றது. விசாவும் போனது. 2020 ஓகஸ்டில், கூட இருந்தவரின் வன்முறையிலிருந்து பாதுகாப்புக் கேட்டுப் பொலிஸுக்குப் போனார். விசா இல்லை என்று தடுத்து வைத்தார்கள். 2021 மார்ச் 6 ஆம் திகதி நகோயா குடிவரவுத் தடுப்பு நிலையத்தில், உடல் நலிந்து, மௌத்தானார். வயது 33. அவரது சகோதரிகள் ஜப்பானுக்கே போய் நியாயம் கேட்டார்கள். ஜப்பானிய மக்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். அந்த வருடம் கொண்டுவர இருந்த குடிவரவுச் சட்டத் திருத்தத்தை அரசாங்கம் கைவிட நேர்ந்தது.

போகிற எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் படித்து நல்ல நிலைக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மாணவர் விசா என்பது வகுப்புக்குப் போகும் வரைதான் விசா. இதை எந்தப் போஸ்டரிலும் எழுத மாட்டார்கள்.

நமது ஆட்களிடம் ஒரு வார்த்தை. பிள்ளையை ஜப்பானுக்கு அனுப்பும் வாப்பாமார் என்னிடம் முதலில் கேட்பது, "அங்கே ஹலால் சாப்பாடு இருக்கா, பள்ளிவாசல் இருக்கா?" என்றுதான். நல்ல கேள்வி. கோபேயில் 1935 இலிருந்து பள்ளிவாசல் இருக்கிறது. டோக்கியோவிலும் பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. தேடி நடந்தால் தொழவும் சாப்பிடவும் வழி உண்டு. ஆனால் பிள்ளை கொண்டுபோகும் காசு வட்டிக்கு எடுத்ததா என்று யாரும் கேட்பதில்லை. சாப்பாட்டில் காட்டும் பேணுதலைக் கடனிலும் காட்டினால் பாதிப் பிரச்சினை இங்கேயே தீரும்.

அப்படியென்றால் ஜப்பானுக்குப் போகக் கூடாதா? போகலாம். நேரான வழிகள் இருக்கின்றன.

ஒன்று, ஜப்பானியக் கல்வி அமைச்சின் புலமைப்பரிசில். ஏ.எல். முடித்தவர்களுக்கும் உண்டு. கட்டணம் இல்லை, விமான டிக்கெட் அவர்களுடையது, மாதம் 117,000 யென் அளவில் உதவித்தொகை, முதல் வருடம் மொழிப் பயிற்சி. கொழும்பிலுள்ள ஜப்பான் தூதரகம் வருடா வருடம் விண்ணப்பம் கோருகிறது. விண்ணப்பிக்க ஏஜென்சி தேவையில்லை. இடம் குறைவு, போட்டி கூட. கணிதமும் ஆங்கிலமும் பலமாக இருக்க வேண்டும்.

இரண்டு, நோக்கம் உழைப்பதுதான் என்றால் வேலை விசாவில் போங்கள். 2019 ஜூனில் இலங்கையும் ஜப்பானும் ஓர் உடன்படிக்கை செய்தன. முதியோர் பராமரிப்பு, விவசாயம் போன்ற துறைகளில் திறன் பரீட்சையும் மொழிப் பரீட்சையும் சித்தியடைந்தால் தொழிலாளியாகவே போகலாம். 28 மணித்தியாலக் கட்டுப்பாடு இல்லை.

மூன்று, எந்த வழியானாலும் மொழியை இங்கேயே படியுங்கள். ஆகக் கீழ் மட்டமான என்5, அதற்கு மேல் என்4. ஆறு மாதம் தினமும் இரண்டு மணித்தியாலம் உட்கார முடியாத பிள்ளை, இரவு வேலை செய்துவிட்டு அங்கே போய் எப்படி உட்காரும்?

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. அதே ஜப்பானியக் கல்வி அமைச்சு ஆசிரியர்களுக்கும் ஒரு புலமைப்பரிசில் கொடுக்கிறது. ஐந்து வருடம் கற்பித்த, 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு, ஒன்றரை வருடம். ஆசிரியர் கலாசாலையில் பயின்றவர்களும் விண்ணப்பிக்கலாம். நானும் கலாசாலையில் பயின்றவன்தான். இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரிய வந்தபோது வயது 36. யாரும் மறைக்கவில்லை. இந்த மலைக்கு, தமிழில், அது வந்து சேரவில்லை. ஆனால் "படித்துக்கொண்டே உழைக்கலாம்" என்ற போஸ்டர் மட்டும் பஸ் நிற்கும் சுவரெல்லாம் வந்து சேர்ந்திருக்கிறது.

ஜப்பான்காரர்களுக்கு நுவரெலியாவைத் தெரியும். அங்கே போத்தலில் விற்கும் எலுமிச்சைத் தேநீரில் நமது மலையின் தேயிலையும் சேர்கிறது. அந்த இலை கப்பல் ஏற முதல் எத்தனை தடவை தரம் பார்க்கப்படுகிறது! அந்தக் கொழுந்தை எடுத்த தாயின் பிள்ளையை மட்டும் ஒரு போஸ்டரை நம்பி ஏற்றிவிடுகிறோம்.

2024 செப்டெம்பரில் தோட்டத்தில் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. 18 இலட்சம் என்றால் அந்தச் சம்பளத்தில் 1,333 நாள் பேர். வேறு ஒரு செலவும் செய்யாமல் நான்கு வருடத்துக்கு மேல். அப்பாவின் ஈ.பி.எஃப். என்பது முப்பது வருடம் மழையில் நின்ற காசு. அதை எடுக்க முதல் மூன்று கேள்வி கேளுங்கள். பாடசாலையின் பெயரும் வருடக் கட்டணமும் எழுத்தில் தருவீர்களா? 18 இலட்சத்தில் பாடசாலைக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு? விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள்? மூன்றுக்கும் பதில் எழுத்தில் வராவிட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

நேற்று அந்தப் பையனையும் அப்பாவையும் கூப்பிட்டு இதே கணக்கைக் கொப்பியில் போட்டுக் காட்டினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொப்பித் தாளைக் கிழித்துத் தரச் சொல்லி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பையனுக்கு என் மேல் கோபம். முகத்தில் தெரிந்தது. அடுத்த கிழமை என்5 வகுப்புக்குப் போவதா இல்லையா என்று அவன்தான் முடிவெடுக்க வேண்டும். போனால் புத்தகச் செலவு என்னுடையது என்று சொல்லியிருக்கிறேன்.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தூதரகத்தின் அறிவித்தல் வரும்போது தமிழில் ஒரு பக்கம் எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். ஒரு தாள்தான். எனக்கு வந்து சேராதது நம் பிள்ளைகளுக்காவது வந்து சேரட்டும்.

நம் பிள்ளைகள் நாராவுக்கும் போக வேண்டும், ஃபுஜி மலையையும் பார்க்க வேண்டும். கடன்காரர்களாக இல்லாமல், மாணவர்களாகப் போக அல்லாஹ் வழி செய்வானாக. ஆமீன்.