கலர் படம் மட்டும் போதுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது, "இன்டர்நெட், சினிமா, கேம்ஸ் தவிர இதில் வேறு என்ன செய்யலாம்?" என்பதுதான். வண்டியின் பாகம் ஒன்றை வரைந்து, அதன் மேல் எடை ஏற்றி, எந்த இடம் தாங்காது என்று பார்க்கலாம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. அது கார் கம்பெனிகள் செய்யும் வேலை, நமக்கு எதற்கு என்கிறார்கள். நமக்கும் அது வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் திரையில் வரும் கலர் படத்தை அப்படியே நம்பக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்த வேலைக்குச் சிமுலேஷன் என்று பெயர். வரைந்த பாகத்தைச் சாப்ட்வேர் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கும். இதை மெஷ் என்பார்கள். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை எவ்வளவு தள்ளுகிறது, இழுக்கிறது என்று கணக்குப் போட்டு விடையை வண்ணங்களில் காட்டும். 1986-ல் ஃபோக்ஸ்வேகன் போலோ கார் மோதுவதை இப்படிக் கணக்கிட்டார்கள். காரை 5,700-க்கும் குறைவான துண்டுகளாகப் பிரித்தார்கள். அதற்கே சூப்பர் கம்ப்யூட்டர் ஒன்று இரவு முழுவதும் ஓடியது. இன்று ஒரு சின்னப் பிராக்கெட்டுக்கு அவ்வளவு துண்டுகள் வைத்தாலும் 8 ஜிபி ரேம் உள்ள வீட்டுக் கம்ப்யூட்டர் எளிதாகச் சமாளிக்கும்.

சாப்ட்வேருக்கு என்ன செய்வது? கம்பெனிகள் பயன்படுத்தும் ஆன்சிஸ், அபாகஸ் போன்றவற்றின் முழுப் பதிப்பு வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. அதற்காகக் கிராக் செய்த காப்பியைத் தேடி வைரஸை வாங்கிக் கொள்ள வேண்டாம். ஃப்ரீகேட் என்ற சாப்ட்வேர் முற்றிலும் இலவசம். அதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வெளிவந்தது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். கணக்குப் போடும் கால்குலிக்ஸ் என்ற புரோகிராமையும் அதற்குள்ளிருந்தே இயக்கலாம்.

ஒரு சின்னப் பரிசோதனை

ஃப்ரீகேட்டில் 100 மி.மீ. நீளம், 30 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனமுள்ள பட்டை ஒன்றை வரையுங்கள். ஃபெம் பகுதிக்குப் போய், மெட்டீரியலாக ஸ்டீலைத் தேர்ந்தெடுங்கள். ஒரு முனையை அசையாதபடி பிடித்து வையுங்கள். மறுமுனையில் கீழ்நோக்கி 200 நியூட்டன் விசை கொடுங்கள். இது சுமார் 20 கிலோ எடைக்குச் சமம். பிறகு மெஷ் உருவாக்கி, கணக்கை ஓட விடுங்கள்.

முனை சுமார் 0.6 மி.மீ. கீழே இறங்கும். பிடித்த இடத்துக்கு அருகில் தகைவு, அதாவது ஸ்ட்ரெஸ், சுமார் 111 மெகாபாஸ்கல் வரும். மூலையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். டிப்ளமோ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதையே பேப்பரில் போடச் சொல்லுங்கள். அதே விடைதான் வரும்.

இப்போது அகலத்தை 60 ஆக மாற்றுங்கள். தகைவு பாதியாகும். அகலத்தைப் பழையபடி 30-க்குக் கொண்டு வந்து, கனத்தை 12 ஆக்குங்கள். தகைவு கால் பங்காகக் குறையும்! இரண்டிலும் சேர்த்த இரும்பு ஒரே அளவுதான். எதை எங்கே சேர்க்க வேண்டும் என்ற இந்தப் பாடத்தை ஒரு கிலோ இரும்பு கூட வாங்காமல் படித்துவிடலாம்.

படம் ஏமாற்றும் இடம்

இனி எச்சரிக்கைக்கு வருவோம். படத்தில் சிவப்பு வந்தால் உடையும், நீலம் என்றால் பிழைக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். அது சரியல்ல. இருப்பதிலேயே அதிகமான மதிப்புக்குச் சாப்ட்வேர் சிவப்பு கொடுக்கும், அவ்வளவுதான். அந்த மதிப்பு 5 மெகாபாஸ்கலாக இருந்தாலும் சிவப்புதான். ஆகவே நிறத்தைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். சாதாரண மைல்டு ஸ்டீல் சுமார் 250 மெகாபாஸ்கலைத் தாண்டினால் வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும்.

அப்படியானால் 111 பத்திரமானதா? எங்கள் புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர் போன ஊர். மூட்டை ஏற்றிய மினி லாரி தென்காசி ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கினால், அந்த நொடியில் பாகத்தின் மேல் விசை இரண்டு, மூன்று மடங்கு ஆகலாம். இரண்டரை மடங்கு என்று வைத்தாலே 111 என்பது 277-ஐத் தாண்டிவிடும். பட்டை வளைந்துவிடும். ரோட்டில் பள்ளம் இருப்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். வெல்டிங் சரியாகப் பிடிக்கவில்லை என்பதும் அதற்குத் தெரியாது. எல்லைக்கு உட்பட்ட எடையே ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்கினால் நாளடைவில் விரிசல் விடும். நாம் போட்ட ஒற்றைக் கணக்கில் அது தெரியாது.

கம்பெனிகளே திரையோடு நிறுத்திக் கொள்வதில்லை. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் திட்டத்தில் நிஜக் காரையே மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் தடுப்பில் மோத விட்டுத்தான் நட்சத்திரம் கொடுக்கிறார்கள். சென்னை அருகே ஒரகடத்தில் வாகனங்களைச் சோதிப்பதற்கென்றே ஒரு பெரிய மையம் இருக்கிறது. சிமுலேஷன் உடைத்துப் பார்க்கும் செலவைக் குறைக்கும். உடைத்துப் பார்ப்பதே தேவையில்லை என்று ஆக்கிவிடாது.

அதனால் மாணவர்களுக்கு நான் சொல்வது இது. புராஜெக்ட் ரிப்போர்ட்டில் கலர் படம் ஒட்டுவதற்கு முன், உங்கள் ஊர் லேத் பட்டறைக்கும் வெல்டிங் கடைக்கும் ஒருமுறை போய் வாருங்கள். எந்தப் பாகம் அடிக்கடி வருகிறது, எந்த இடத்தில் உடைந்து வருகிறது, வண்டி எவ்வளவு எடை ஏற்றியிருந்தது என்று அந்த அண்ணாச்சியிடம் கேளுங்கள். உடைந்த இடமும் உங்கள் படத்தில் அதிகத் தகைவு காட்டும் இடமும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இல்லையென்றால், முதலில் நீங்கள் கொடுத்த விசையையும் பிடிமானத்தையும் சந்தேகப்படுங்கள். பட்டறைக்காரரின் அனுபவம் இல்லாத சிமுலேஷன் வெறும் படம்தான். பட்டறைக்காரர்களும் இதைப் பையன்களின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடக் கூடாது. உடைந்த இடத்திலேயே மறுபடி மறுபடி வெல்டிங் வைப்பதைவிட, அது ஏன் உடைகிறது என்று தெரிந்து கொள்வது லாபம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பிரேக், ஸ்டீயரிங், ஆக்ஸில் ஆகியவற்றில் வீட்டுக் கணக்கை நம்பிக் கை வைக்க வேண்டாம். அவை உயிரோடு சம்பந்தப்பட்டவை. செல்ஃப் தாங்கும் பிராக்கெட், சைக்கிள் கேரியர் இவற்றில் தொடங்குங்கள். கணக்குப் போட்டு, செய்து, எடையைத் தொங்கவிட்டு, எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். திரையில் வந்த எண்ணும் ஸ்கேல் காட்டும் எண்ணும் நெருங்கி வந்தால், அடுத்த பாகத்தை வரையத் தொடங்கலாம்.