பேயைத் தேடி வரும் நிருபர்களுக்கு

1985-இல் 'டிரான்சில்வேனியா 6-5000' என்றோர் அமெரிக்கத் திகில் நகைச்சுவைப் படம் வந்தது. பரபரப்புப் பத்திரிகையொன்று பிராங்கன்ஸ்டைனைத் தேடி நிருபர்கள் இருவரை அனுப்புகிறது. நல்ல படமன்று. ஆயினும் அந்தக் கோமாளிகள் இறுதியில் ஓர் உண்மையைக் கண்டடைகிறார்கள்: ஊரார் பூதமென்று அஞ்சியோர் அனைவரும் மருத்துவரின் கவனிப்பில் இருக்கும் மனிதர்கள்.

எங்கள் கோலார் தங்க வயலுக்கு வரும் காணொளி நிருபர்கள் அந்தத் தொலைவைக்கூட எட்டுவதில்லை.

2018-இல் 'கே.ஜி.எஃப்' திரைப்படம் வெளியான பின் கேமராக்கள் பெருகின. அவற்றோடு 'பேய் நகரம்' என்ற பெயரும் பெருகியது. ஆங்கிலத்தில் 'கோஸ்ட் டவுன்' என்றால் மக்கள் கைவிட்டுப் போன ஊர். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததும் தமிழில் பேய் உலவும் ஊராகிவிட்டது. இரு பொருளிலும் அது பொய். இங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறோம். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் உழைத்து, இரவில் திரும்புவோர் பேய்களா?

சென்ற ஆண்டு எங்கள் லைன் வீட்டுக்கு வந்த ஒரு நிருபர் என் பாட்டியிடம், "ராத்திரியில சத்தம் ஏதாவது கேக்குமா பாட்டி?" என்றார். "கேக்கும்ப்பா. எங்க வீட்டுக்காரர் இருமின சத்தம்" என்றார் பாட்டி. வெளிவந்த காணொளியில் அந்த விடை இல்லை. இருண்ட சுரங்க வாயும் பின்னணி இசையும் இருந்தன.

அந்த இருமலுக்குப் பெயர் உண்டு: சிலிக்கோசிஸ். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து இறுகும் நோய். 1940-களில் இங்கே 7,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்தபோது 100-க்கு 40-க்கும் மேற்பட்டோரிடம் அது கண்டறியப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகத் தோண்டிய அச்சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. அரைத்துக் கொட்டிய கழிவோ சயனைடு மேடுகளாக இன்றும் நிற்கிறது. காற்றடித்தால் அதன் தூசி வீட்டுக்குள் வருகிறது.

"பொழுதுபோக்குக்குப் போய் இத்தனை கோபமா?" என்பீர்கள். பேய்ப்படங்களுக்கு நான் பகைவன் அல்லன். 'காஞ்சனா'வை அரங்கில் பார்த்துச் சிரித்தவன். ஆனால் அதில் வரும் பேய்க்கு ஒரு வழக்கு உண்டு: நிலத்தைப் பறித்தவன் யார், கொன்றவன் யார் என்று அது கேட்கிறது. நம் மரபில் பேய் என்பதே தீராத வழக்குதான். நீங்களோ வழக்கை உதறிவிட்டுப் பேயை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள். பேயென்று சொல்லிவிட்டால், அவன் எப்படி இறந்தான் என்று கேட்க வேண்டியதில்லை அல்லவா?

மீண்டும் வாருங்கள். நள்ளிரவில் வேண்டா, பகலில் வாருங்கள். சுரங்க வாயில் கேமராவை வைக்குமுன், ஒரு முதிய தொழிலாளியின் அருகில் அமர்ந்து, அவர் மூச்சு விடும் ஓசையைப் பதிவு செய்யுங்கள். அதற்குப் பின்னணி இசை தேவைப்படாது.